பழுத்த பழத்துக்கு என்ன விலை?

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபிக்கொட்டை ஒரு பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1975 ஜூலையில் விழுந்த உறைபனி காபிச் செடிகளைக் கருக்கிப்போட்டு, அதன் விளைவாக 1977இல் விலை உச்சிக்குப் போனதே, அந்த உச்சம்கூட மூன்றரை டாலரைத் தொடவில்லை. பணத்தின் மதிப்பு இறங்கியதைக் கணக்கில் சேர்த்தால் 1977இன் விலைதான் கனம் என்பார்கள். சரிதான். ஆனால் சென்னையில் சின்னதாக ஒரு கஃபே நடத்துகிறவர் இந்த வருஷத்து மூட்டைக்கு இந்த வருஷத்துப் பணத்தைத்தான் எண்ணிவைக்க வேண்டும்.

காரணங்கள் எல்லோரும் அறிந்தவை. உலகில் விளையும் காபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தரும் பிரேசிலில் 2021இல் உறைபனி, 2024இல் கடும் வறட்சி. ரோபஸ்டாவில் முதலிடத்தில் இருக்கும் வியட்நாமிலும் 2024இல் மழை பொய்த்தது. அங்கே பல குடியானவர்கள் அதற்கு முன்பே காபியை வெட்டிவிட்டு டுரியன் வைத்திருந்தார்கள். இது போதாதென்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பிரேசில் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டு, நவம்பரில் காபிக்கு அதை விலக்கிக்கொண்டது. இப்படி ஒவ்வொரு அசைவுக்கும் விலை ஆடியது.

"நம்ம கொட்டை நம்ம மலையிலதானே விளையுது, பிரேசில் பனிக்கும் நமக்கும் என்ன?" என்று காபித்தூள் கடையில் நிற்கும்போது யாராவது கேட்பதுண்டு. ஒரு காலத்தில் அந்தக் கேள்வி நியாயமானது. விளைந்ததையெல்லாம் காபி போர்டின் பொதுத் தொகுப்பில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போர்டு ஏலம் விட்டு, தவணை தவணையாகப் பணம் தரும். 1990களில் அந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முற்றிலும் விலக்கப்பட்டது. இன்று இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி கப்பலேறுகிறது. தோட்டத்துக்குக் கொட்டை எடுக்க வரும் வியாபாரி காலையில் எழுந்ததும் கைபேசியில் நியூயார்க், லண்டன் விலைகளைப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பைக் கிளப்புகிறார். பரானாவில் பனி விழுந்தால் வத்தலக்குண்டில் விலை மாறும்.

நான் வழக்கமாகப் போகும் கஃபே ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில் இருக்கிறது. ஏழெட்டு மேஜை. பின்கட்டில் ஒரு சிறிய வறுக்கும் இயந்திரம். அதை நடத்தும் பெண்மணி தானே மலையேறித் தோட்டம் பார்த்து, ருசி பார்த்து, பச்சைக்கொட்டை வாங்கிவந்து, தானே வறுக்கிறார். பாக்கெட்டின் மேல் தோட்டத்தின் பெயர், கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம், செடியின் ரகம், பழத்தைப் பதப்படுத்திய முறை எல்லாம் அச்சாகியிருக்கும். பயிற்சி பெற்றவர்கள் ருசித்து நூற்றுக்கு 80க்குக் குறையாமல் மதிப்பெண் போட்ட கொட்டையைத்தான் ஸ்பெஷாலிட்டி காபி என்கிறார்கள். அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. யார் விளைவித்தது என்று தெரிந்து காபி குடிக்கும் பழக்கம் நம் ஊரில் இதற்கு முன் இருந்ததில்லை.

விலைப்பலகையை மாற்றி எழுதிய வாரம் அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "சார், கொட்டை விலை ஏறினதால கப் விலையை ஏத்திட்டேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நீங்களே பாருங்க."

பார்த்தேன். ஒரு கிலோ பச்சைக்கொட்டையை வறுத்தால் ஈரம் போய் 850 கிராம் அளவுக்குத் தேறும். ஒரு கப்புக்கு 18 கிராம். ஆக, கிலோவுக்கு 47 கப். பச்சைக்கொட்டை கிலோவுக்கு 300 ரூபாய் ஏறியிருந்தால் கப்புக்கு ஏறுவது ஆறரை ரூபாய்கூட இல்லை. 250 ரூபாய் கப்பில் இது ஒன்றுமே இல்லையே என்றேன்.

"கப்புல ஒண்ணுமில்ல சார். மூட்டையில?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அரிசிபோல மாதாமாதம் வாங்கிக்கொள்ளக்கூடிய சரக்கல்ல இது. நம் மலைகளில் அராபிகா அறுவடை கார்த்திகை, மார்கழி, தை. நல்ல தோட்டத்தின் நல்ல சரக்கு சீசன் முடிவதற்குள் கைமாறிவிடும். வருஷம் முழுவதற்கும் வேண்டியதை அப்போதே பிடித்துவைக்க வேண்டும். வருஷத்துக்கு மூன்று டன் வறுக்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 300 ரூபாய் ஏறினால் ஒரே மூச்சில் ஒன்பது லட்சம் கூடுதலாகப் புரட்ட வேண்டும். அந்தப் பணம் 47, 47 கப்பாக வருஷக் கடைசிவரை மெதுவாகத் திரும்பி வரும். அதுவரை வட்டி ஓடும். பெரிய சங்கிலிக் கடைகளுக்கு முதலீட்டாளர் பணம் உண்டு, கிடங்கு உண்டு. ஏழெட்டு மேஜைக் கடைக்கு நகைக்கடனும் நண்பர்களும்தான்.

மெஸ் காபிக்கு வேறு வகைக் கஷ்டம். இருபது ரூபாய் டம்ளரில் அதே விலையேற்றம் இரண்டரை ரூபாயை விழுங்கிவிடும்; விகிதமாகப் பார்த்தால் அடி அங்கேதான் பலம். ஆனால் மெஸ்ஸுக்குத் தப்ப ஒரு வழி இருக்கிறது, சிக்கரி. 80க்கு 20 என்று இருந்த தூள் 70க்கு 30 ஆகும், 60க்கு 40 ஆகும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அதுவரை இறங்கலாம். சிக்கரியை நான் குறை சொல்ல மாட்டேன். அதைச் சேர்த்த டிகாக்‌ஷனில் வளர்ந்த நாக்கு என்னுடையது. ஸ்பெஷாலிட்டி கடைக்கு அந்த வழி கிடையாது. அதன் சரக்கே கலப்பில்லாத ஒரு தோட்டத்துக் கொட்டைதான்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்கத் தாண்டிக்குடிக்குப் போனேன். கீழ்ப் பழனி மலை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் வாழை, அங்கங்கே ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் கீழே காபி. காபி போர்டின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அங்கே உண்டு. இந்தியக் காபியில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் ஐந்து சதவீதம்தான். கர்நாடகம் 70 சதவீதம். ஆனாலும் நம் மலைக் காபியில் பெரும்பகுதி அராபிகா. அதனால்தான் சிறிய கஃபேக்காரர்கள் இந்தப் பக்கம் ஏறிவருகிறார்கள்.

நான் பார்த்த தோட்டக்காரர் எழுபதை நெருங்குகிறவர். சில ஏக்கர்தான். விலை ஏறியதில் சந்தோஷமா என்று கேட்டபோது நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

"2001ல நீங்க வந்திருக்கணும் தம்பி. பறிச்ச கூலிக்குக்கூட விலை கட்டல. பழத்தைச் செடியிலயே விட்டோம், கீழ விழுந்து கறுத்துப்போச்சு. அப்ப ஒருத்தரும் காமிரா எடுத்துக்கிட்டு மேல வரல."

அவர் சொன்னது மிகையல்ல. 1989இல் உலக நாடுகளின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு ஒப்பந்தம் முறிந்தபின் விலைக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. 2001இல் அராபிகா ஒரு பவுண்டுக்கு அரை டாலருக்கும் கீழே விழுந்தது. மத்திய அமெரிக்காவிலிருந்து குடகுவரை தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். மறுபடி 2018, 2019இலும் ஒரு டாலருக்குக் கீழ்வரை போய்வந்தது. நாம் மலிவாகக் காபி குடித்த ஆண்டுகளின் செலவை இவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனவே, விலை ஏறிவிட்டதே என்று புலம்ப என்னால் முடியவில்லை. நியாயமாக எப்போதோ ஏறியிருக்க வேண்டியது.

பேசிக்கொண்டே அவர் செடியிலிருந்து இரண்டு பழங்களைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று கருஞ்சிவப்பு. விரலால் லேசாக அழுத்தியதும் தோல் பிளந்து இரண்டு விதைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. மேலே படிந்திருந்த வழுவழுப்பை நாக்கில் வைத்தால் இனித்தது. இன்னொன்று ஒருபக்கம் சிவந்து, காம்புப் பக்கம் இன்னும் பச்சை. எவ்வளவு அழுத்தியும் விதை கழலவில்லை, நகம்தான் வலித்தது.

"இது ரெண்டையும் இப்ப யாவாரி ஒரே விலைக்கு எடுத்துக்கிறான் தம்பி. கேட்டுக்கே வண்டி வருது, அன்னைக்கே ரொக்கம். அப்புறம் நான் எதுக்குச் சிவப்பா பாத்துப் பறிக்கணும்?"

சிவப்பாகப் பார்த்துப் பறிப்பதென்றால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் போக வேண்டும். கூடை நிரம்ப அதிக நேரம் பிடிக்கும், கூலி கூடும். அதற்கும் ஆள் கிடைப்பதே அரிது. பறித்ததைத் தொட்டியில் கொட்டி, மிதப்பதைக் கழித்து, அன்றைக்கே தோலுரித்து, ஒருநாள் போல நொதிக்கவிட்டு, கழுவி, உயரமான கட்டில்களில் பரப்பி, பத்து நாளுக்குக் குறையாமல் காயவைக்க வேண்டும். மலையில் எப்போது பனிமூட்டம் இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கினால் ஓடிப்போய் மூட வேண்டும். ஈரம் 11 சதவீதம் அளவுக்கு இறங்கியபின்தான் மூட்டை. இத்தனைக்கும் பிறகு, ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை. விலை கீழே கிடந்த நாட்களில் கஃபேக்காரர்கள் சந்தையைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு தந்தார்கள், பாடு பலித்தது. இப்போது சந்தையே அந்த உயரத்துக்கு வந்துவிட்டது. கஃபேக்காரர் அதற்குமேல் கொடுப்பது கொஞ்சம்தான், அதுவும் ருசி பார்த்து, மாதிரி அனுப்பி, மாதம் கழித்து. வீட்டை ஒட்டிய சரிவை மட்டும் இந்த வருஷம் சிவப்புப் பறிப்புக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். மற்றதெல்லாம் வண்டிக்கு.

அவர் செய்வது சரி. 2001இல் பழம் உதிர்ந்ததைப் பார்த்தவரிடம் தரத்தைப் பற்றி வகுப்பெடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே ஸ்பெஷாலிட்டி கஃபேக்களுக்கு உண்மையான ஆபத்து கப்பின் விலையில் இல்லை. பத்து இருபது ரூபாய் ஏற்றினால் சிலர் முகம் சுளிப்பார்கள், வாரம் மூன்று முறை வருகிறவர் ஒருமுறை வருவார்; அதைச் சமாளிக்கலாம். பறிப்பவர் கை மாறினால் சமாளிக்க முடியாது. நாலைந்து அறுவடை சேர்ந்து கண்டுபிடித்த பக்குவம், காயவைக்கும் கட்டில், தோட்டக்காரரின் மகனுக்கு அதில் வந்த ஆர்வம் எல்லாம் இரண்டு சீசனில் கைவிட்டுப் போகும். விலை மறுபடி விழும்போது கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

ஏறிய விலை நோயை மறைக்கவும் செய்யும். இலங்கை மலைநாட்டில் அது நடந்திருக்கிறது. நம் மக்கள் மன்னாரிலிருந்து காடு வழியாகக் கால்நடையாகக் கண்டிச் சீமைக்குப் போனது முதலில் காபிக்குத்தான், தேயிலை பிறகு. 1869இல் அங்கே இலைத் துரு நோய் தலைகாட்டியது. ஆனால் 1870களில் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போனதால், குறைந்துவந்த மகசூலைத் துரைமார்கள் பொருட்படுத்தவில்லை. புதிது புதிதாகக் காடழித்து நட்டார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இலங்கைக் காபி முடிந்தது. இன்று நம் அராபிகாவைத் தண்டுத் துளைப்பான் அரிக்கிறது. பூ மழை மாசி, பங்குனியில் வராமல் போகிறது, அல்லது அறுவடை நேரத்தில் வந்து கெடுக்கிறது. இந்த நல்ல விலைக் காலத்தில் வரும் பணம் நிழல்மரத்துக்கும் மறுநடவுக்கும் போகாவிட்டால், பின்னால் எந்த விலை கொடுத்தும் பயனில்லை.

கஃபேக்காரர்கள் பாக்கெட்டின் மேல் தோட்டத்தின் பெயரை அச்சிட்டது ஒரு வாக்கு. சந்தை விலை கீழே கிடந்தபோது அந்த வாக்கைக் காப்பது எளிது. இப்போதுதான் அதற்குச் சோதனை. சந்தை விலைக்குமேல் கொஞ்சம் என்ற பேச்சை விட்டுவிட்டு, மூன்று அறுவடைக்கு ஒரே ஒப்பந்தம் எழுத வேண்டும். இதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்று ஒரு தரைவிலை, சிவப்புப் பறிப்புக்குத் தனிக் கூலி, பறிப்பு தொடங்குமுன் பாதிப் பணம். ஒரு கடையால் முடியாவிட்டால் நாலு கடை சேர்ந்து ஒரு தோட்டத்தின் முழு விளைச்சலையும் எடுக்கலாம். மெனுவில் பன்னிரண்டு வகையை ஐந்தாகக் குறைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தோட்டக்காரருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தோம் என்பதையும் உயரத்தோடும் ரகத்தோடும் சேர்த்து அச்சிடலாம்.

நம் பங்கும் உண்டு. அடுத்த முறை விலைப்பலகையில் புது எண்ணைப் பார்த்ததும் தள்ளுபடி கேட்காதீர்கள். தோட்டத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும் கடையில் உட்காருங்கள். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து வருஷத்துக்கு வேண்டிய தூளுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவையுங்கள். பறிப்பு கார்த்திகையில் தொடங்கிவிடும். ஐப்பசிக்குள் அந்த முன்பணம் மலைக்குப் போய்ச் சேர வேண்டும்.