எத்தனை தடவைதான் பார்ப்ப?

எங்கள் தெரு குறுகலானது. மார்கழியில் எதிர்வீட்டு அக்கா புதிதாக ஒரு சிக்குக் கோலம் போட்டால், அம்மா எங்கள் வாசலில் நின்றபடியே அதைப் பார்த்துப் போட்டுவிடுவாள். 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. நிமிர்ந்து எதிர்வாசலைப் பார்ப்பாள். குனிந்து ஓர் இழை இழுப்பாள். மறுபடி நிமிர்வாள்.

திண்ணையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் அப்பா சொல்வார்: "எத்தனை தடவைதான் பார்ப்ப? ஒரு தடவை பார்த்தா மண்டையில நிக்காதா?" சில நாள் பரீட்சையே வைப்பார். "அங்க பார்க்காம சொல்லு, நடுவுல எத்தனை சுழி?" அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. அப்பா சிரிப்பார். வகுப்பில் முதல் மாணவியான நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பல ஆண்டுகள் கழித்து, மகளிர் சுயஉதவிக் குழுவில் அம்மாவைக் கணக்கு நோட்டு எழுதச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "வேணாங்க, எனக்கு எதுவும் மண்டையில நிக்காது" என்று மறுத்துவிட்டாள். அது அப்பாவின் வாக்கியம். அம்மாவின் வாயிலிருந்து வந்தது.

இப்போது நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். பார்த்ததைச் சில விநாடிகள் மனதில் வைத்திருந்து, அதைக் கொண்டு ஒரு வேலையை முடிப்பதைச் 'செயல்படு நினைவு' என்போம். அதன் கொள்ளளவு சிறியது. வண்ணச் சதுரங்களைக் காட்டி ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய நான்கு பொருள்கள்தான் அதில் நிற்கும் என்றது. படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் எல்லோருக்கும் அது குறுகிய இடம்தான்.

1995இல் டேனா பாலார்ட், மேரி ஹேஹோ, ஜெஃப் பெல்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு எங்கள் வாசல்தான் தெரிந்தது. கணினித் திரையில் வண்ணக் கட்டைகளால் ஆன ஒரு மாதிரி. அதைப் பார்த்து அப்படியே அடுக்க வேண்டும். கட்டையை எடுக்கும் முன் நிறத்துக்காக ஒருமுறை மாதிரியைப் பார்த்தார்கள். வைக்கும் முன் இடத்துக்காக மறுபடி பார்த்தார்கள். மாதிரியைத் தலை திருப்பிப் பார்க்கும் தொலைவில் வைத்தபோது மட்டும் மனதில் கூடுதலாக ஏற்றிக்கொண்டார்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பது மறதி இல்லை, சிக்கனம். அந்த நொடியின் வேலைக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக்கொள்வது.

2022இல் வந்த இன்னோர் ஆய்வு மார்கரெட் ஹெண்டர்சன், ரோசன் ரேட்மேக்கர், ஜான் செரன்ஸஸ் ஆகியோருடையது. ஒரு புள்ளி இருந்த இடத்தை நினைவில் வைக்கச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முன்கூட்டியே தெரியாதபோது, பார்வைக்கான பகுதிகளில் அந்த இடம் பதிந்திருந்தது. தெரிந்தபோது அங்கே பதிவு மங்கியது. கையை இயக்கும் பகுதிகளில் அழுத்த வேண்டிய செயல் தயாராக இருந்தது. பார்த்த பொருள் ஒன்றே. என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்து மூளை அதை வைத்திருக்கும் விதம் மாறுகிறது.

அம்மாவின் மூளையை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலை வேளைகளை இப்போது நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். அவள் பார்த்தது இழுப்பதற்காக. அப்பா கேட்டது ஒப்பிப்பதற்காக. அவள் செய்யாத வேலைக்கு மதிப்பெண் போட்டு, அவள் தோற்றுவிட்டதாகச் சொன்னோம். கோலம் மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை. அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. ஒப்பிப்பதையே அறிவு என்று பள்ளி எனக்குச் சொல்லித்தந்திருந்தது. அந்த அளவுகோலோடுதான் நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

போன மார்கழியில் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உங்கப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் நிமிர்ந்து எதிர்வாசலைப் பார்த்தாள். குனிந்து அடுத்த இழையை இழுத்தாள்.