ஜமா உடைந்த கதை

மரக்காணம் உப்பளத்தில் காலையெல்லாம் உப்பு வாரிவிட்டு வந்த தாத்தாவிடம் பேரன் செல்போனை நீட்டினான். முகம் நிறையச் சாயம், சிலுப்பிவிட்ட முடி, பெண்போல அலங்கரித்த ஆண்கள். ‘விஷுவல் கேய்’ ராக் குழுவான ‘எக்ஸ் ஜப்பான்’.

“நம்ம அரிதாரம் மாதிரியே இருக்குடா!”

தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியவர் அவர். விடிய விடிய அவர் சேலையை இழுத்த துச்சாதனன்தான் உயிர்க் கூட்டாளி. சம்பளத் தகராறில் ஜமா உடைந்தது; பேச்சும் நின்றது.

“இவங்களும் பிரிஞ்சவங்கதான் தாத்தா. சின்ன வயசு சிநேகிதங்க ரெண்டு பேரு 1982ல ஆரம்பிச்சாங்க. 1997ல பாட்டுக்காரரு விலகிட்டாரு, குழு கலைஞ்சிடுச்சு. 2007ல திரும்பச் சேர்ந்தாங்க.”

“மொதல்ல யாரு பேசினாங்க?”

பேரனுக்குத் தெரியவில்லை.

தாத்தா உப்புக் கையைக் கழுவிவிட்டு வந்தார். “அந்தத் துச்சாதனன் பையன் நம்பரு உன்கிட்ட இருக்குதா?”