மரச்சீனியின் தாய்வீடு

குமரி மாவட்டத்தில் மரச்சீனிக்கிழங்கு வேகாத அடுப்பு ஏது? பிற ஊரார் மரவள்ளி என்று வழங்கும் இக்கிழங்கு, மீன்குழம்புக்கு உற்ற துணை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, அன்றைய திருவிதாங்கூர் ஏழைகளின் உயிரைக் காத்தது இதுவே என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதன் தாய்வீடு தென் அமெரிக்கா. அமேசான் காட்டு மக்களே இதை முதலில் பயிராக்கியவர்கள் என்பர்.

அத்தாய்வீட்டைக் காணும் பேறு சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிட்டியது. என் குருமடத் தோழர் ஒருவர், பிரேசில் நாட்டில் அமேசான் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள பெலேம் நகரில் மறைபணி ஆற்றிவந்தார். அவரது அழைப்பின்பேரில் ஓர் அக்டோபர் மாதத்தில் அங்குச் சென்றேன். 1616-இல் போர்த்துக்கேயர் நிறுவிய அந்நகரின் பெயருக்குப் பெத்லகேம் என்பதே பொருள்.

நகரத் துறையிலிருந்து குவாமா ஆற்றைப் படகில் கடந்தால் கோம்பு தீவு. அங்கிருந்தே காடு தொடங்கிவிடுகிறது. கடலின் ஏற்றவற்றம் எட்டுவதால் ஆறு நாளொன்றுக்கு இருமுறை உயர்ந்து தாழ்கிறது. எனவே வீடுகள் மரக்கால்களின்மேல் நிற்கின்றன. வாசலில் கோலமிட மண் இல்லை. படகு கட்டத் தூண் உண்டு. நெடிய அசாயிப் பனைகளில், ஓலையை முறுக்கிய வளையத்தைப் பாதங்களில் மாட்டிக்கொண்டு சிறுவர்கள் ஏறினர். நம் பனையேறிகளின் தளைநாரே என் நினைவுக்கு வந்தது. அப்பனையின் கருநீலப் பழத்தைப் பிசைந்து, கிழங்கு மாவோடும் பொரித்த மீனோடும் உணவாக உண்கின்றனர்.

அங்கு மிகுதியாகப் பயிராகும் மரச்சீனி கசப்பு இனத்தைச் சேர்ந்தது. பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. கிழங்கைத் துருவி, ‘திப்பிதி’ என்னும் நீண்ட பின்னற் குழலில் அடைத்து, அதை இழுத்து நீட்டிச் சாற்றைப் பிழிகிறார்கள். சக்கையை வறுத்தால் மாவு. மஞ்சள் நிறச் சாற்றை நெடுநேரம் கொதிக்கவைத்தால் நஞ்சு ஆவியாகி, ‘துக்குப்பி’ என்னும் புளிப்பு ரசம் கிடைக்கிறது. கிழங்கின் இலையையோ, இறைச்சியோடு சேர்க்குமுன் பல நாட்கள் வேகவைக்கிறார்கள்; ஒரு வாரம் என்பது வழக்கம். “இதை யார் கண்டுபிடித்தார், தாயே?” என்று தோழர் வாயிலாக ஒரு வீட்டம்மையாரைக் கேட்டேன். “பாட்டி சொன்னாள், அவளுக்கு அவள் பாட்டி சொன்னாள்” என்றார். எழுத்தில்லா அப்பாட்டியரின் பொறுமையே நஞ்சை உணவாக்கியது.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு நாசரேத்து அன்னையின் பெருவிழா. 1793 முதல் நடைபெறும் இப்பவனியில் மக்கள் கடலெனத் திரள்கின்றனர். அன்னையின் சிறு சுரூபத்தைத் தாங்கும் மலர் ஊர்தியை நீண்ட வடத்தால் இழுத்துச் செல்கின்றனர்; நேர்ச்சை செய்தோர் வெறுங்காலுடன் அவ்வடத்தைப் பற்றி நடக்கின்றனர். வீடு பெற்றவர் சிறு வீட்டையும், புயலில் பிழைத்தவர் சிறு படகையும் தலையில் சுமந்து வருகின்றனர். நம் தேர்த்திருவிழாக்களைக் கண்டு வளர்ந்த என் கண்கள் பனித்தன. பவனிக்குப் பின் வீடுதோறும் விருந்து. துக்குப்பியில் வெந்த வாத்தும் அந்த இலைக்கறியுமே அதில் முதன்மை. காட்டுக் குடிகளின் சமையல் அன்னையின் திருநாள் விருந்தாகிவிட்டது!

ஆயினும் அக்காடு பெற்றது என்ன? 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை அங்கிருந்து இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றின் கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. நம் குமரி மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களும் அந்த வழிவந்தவையே. அதே ரப்பருக்காகப் புட்டுமாயோ ஆற்றங்கரைப் பழங்குடியினர் அடிமைகளாக வதைக்கப்பட்டதை, 1912-இல் வெளியான ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை உலகறியச் செய்தது. பெலேமைத் தலைநகராகக் கொண்ட பாரா மாநிலத்தில், சிறு விவசாயிகளுக்காகவும் காட்டுக்காகவும் குரல்கொடுத்த அருட்சகோதரி டாரதி ஸ்டாங், 2005 பிப்ரவரி 12 அன்று தமது 73-ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அமேசானுக்கெனவே ஆயர் மாமன்றத்தைக் கூட்டியதன் அவசியம் அங்குச் சென்றபின் எனக்கு நன்கு விளங்கிற்று.

அன்பார்ந்த குடும்பத்தினரே, அக்காட்டை ஆளில்லா வனம் என்று எண்ணுவோர் பலர். அது பல்லாயிரம் ஆண்டுகளாகக் குடும்பங்கள் வாழும் வீடு. நாமும் உலகமும் அவ்வீட்டுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அங்கே செல்லும் வாய்ப்பு உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்குமாயின், பறவைகளையும் மரங்களையும் மட்டும் படம்பிடித்துத் திரும்ப விடாதீர்கள். அம்மக்களோடு அமர்ந்து உண்ணச் சொல்லுங்கள். அவர்களது நிலம் அவர்களிடமே இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்லுங்கள். போக இயலாதவர்களுக்கும் வழியுண்டு. நம் மலைகளில் வாழும் காணிக்காரர்களைப் பற்றி அதே கேள்வியை இங்கேயே கேட்கலாம்.