கெமராவின் கண்ணும் நமது மானமும்



உங்கள் ஊர்ச் சந்தியில் உள்ளூராட்சி சபை ஒரு பாதுகாப்புக் கெமராவைப் பொருத்தினால் நீங்கள் மகிழ்வீர்கள். நானும் மகிழ்வேன். மோட்டார் சைக்கிள் திருட்டும், பஸ் தரிப்பிடத்தில் பெண் பிள்ளைகளிடம் விடும் சேஷ்டைகளும் குறையட்டுமே! ஆனால், அது பிடித்து வைக்கும் காட்சி பின்னர் யாருடைய கைக்குப் போகிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

இங்கிலாந்தில் பிரென்ட்வூட் என்றொரு நகரம். 1995 ஆகஸ்ட் 20ஆந் திகதி இரவு 11.30 மணியளவில் ஒரு மனிதர் கையில் சமையலறைக் கத்தியோடு அதன் பிரதான வீதியில் தனியே நடந்து வந்தார். மனச்சோர்வால் வாடி, உயிரையே வெறுத்திருந்தவர். யாரையும் தாக்க அவர் வரவில்லை. அன்றிரவு தமக்குத் தாமே தீங்கு செய்ய முனைந்தார். நகரசபையின் கெமராவில் தெரிந்ததோ கத்தியேந்திய ஒரு மனிதர் மட்டுமே. கெமரா அறையில் இருந்தவர் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் வந்து கத்தியை வாங்கி, சிகிச்சையளித்து, வைத்தியரிடம் காட்டி, வீட்டிலும் கொண்டுபோய் விட்டார்கள். வழக்கு எதுவும் போடப்படவில்லை. தமது உயிரைக் காத்தது அந்தக் கெமராவாக இருக்கலாம் என்பதை அவரே பின்னர் ஏற்றுக்கொண்டார்.

இத்தோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கெமராத் திட்டத்தின் பெருமையை ஊருக்குச் சொல்ல நகரசபைக்கு ஆசை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், ஆபத்தொன்றைத் தடுத்துவிட்டோம் என்ற பாணியில் அந்தக் காட்சியின் படங்களை வெளியிட்டது. முகத்தை மறைக்கவில்லை. பத்திரிகைகள் அவற்றைப் போட்டன. உள்ளூர்த் தொலைக்காட்சி காட்டிய காட்சியைச் சராசரியாக 350,000 பேர் பார்த்தனர். முகத்தை மறைத்தது போதுமானதாக இல்லை. 1996இல் பீபீசியின் நிகழ்ச்சியொன்றிலும் வந்தது. தெரிந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். தமது வாழ்க்கையின் மிக இருண்ட இரவு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஊரார் பார்க்கும் படமாகிவிட்டது.

நியாயம் கேட்டு அவர் நீதிமன்றம் போனார். சபை சட்டப்படியே நடந்ததாகச் சொல்லி 1997இல் உயர் நீதிமன்றம் கைவிரித்தது. கடைசியில் 2003 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தெருவில் நின்றார் என்பதற்காக ஒருவருடைய அந்தரங்கம் இல்லாமற் போய்விடாது. அவ்வழியே போன சிலர் பார்ப்பது வேறு, இலட்சக் கணக்கானோர் பார்ப்பது வேறு என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். அவரது சம்மதத்தைக் கேட்டிருக்கலாம். குறைந்தது முகத்தையாவது சரியாக மறைத்திருக்கலாம். 11,800 யூரோ நட்டஈடும் கிடைத்தது. ஏழு வருடத்துக்கும் மேலான அவமானத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

நமக்கு இது புதிய பாடமல்ல. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை சூரதுல் ஹுஜுராத் தடை செய்கிறது. அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழைவதை சூரதுன் நூர் தடுக்கிறது. பிறர் குறையை மறைப்பதன் சிறப்பை ஜும்ஆப் பிரசங்கங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! ஆனாலும் கடையொன்றின் கெமராக் காட்சி, "இந்தப் பெண்ணைக் கவனியுங்கள்" என்ற குறிப்போடு வட்ஸ்அப்பில் வந்தால், விசாரிக்காமல் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம். பெண் பார்க்கப் போகும் வீட்டாரில் ஒருவர், சந்திக் கெமராவில் அந்தப் பிள்ளையின் போக்குவரத்தைப் பார்த்துச் சொல்லும்படி தெரிந்த ஊழியரைக் கேட்டால் என்னாகும்? உங்கள் மகளாக நினைத்துப் பாருங்கள்.

அதற்காகக் காட்சிகளைப் பூட்டியே வைக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். விபத்தில் அடிபட்டவருக்கு அந்தக் காட்சிதான் சாட்சி. பிரித்தானியாவில் ஒருவர் தம்மைப் பற்றிய காட்சியின் பிரதியைச் சபையிடம் கேட்டுப் பெறச் சட்டம் இடமளிக்கிறது; அதில் வரும் மற்றவர்களின் முகத்தை மறைத்துத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். பொலிசார் குற்ற விசாரணைக்காகக் கேட்பது வேறு விடயம்.

கெமரா எதற்காக என்பதையும் மக்களுக்கு மறைக்கக் கூடாது. பர்மிங்ஹாமில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட கெமராக்கள் பொருத்தப்பட்டன. சாதாரணக் குற்றங்களைத் தடுக்கவே என்று மக்களிடம் சொல்லப்பட்டது. பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. 2010இல் அது வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பிய பின், எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று.

நமது நாட்டில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்துவது பின்போடப்பட்டு வந்தது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ 2017 பெப்ரவரியிலிருந்து கையில் இருக்கிறது. பிறருடைய அந்தரங்கத்தில் தலையிடும் தகவலை அதன் மூலம் கேட்டால் மறுக்கலாம். ஆனால் கெமராக்கள் எத்தனை, காட்சிகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், யார் யார் பார்க்கலாம், இதுவரை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று உங்கள் பிரதேச சபையின் தகவல் அதிகாரியிடம் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.