டிரம்மருக்காகக் காத்திருந்தோம்

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. ‘தி எக்ஸ்பான்ஸ்’ விண்வெளித் தொடரின் கடைசி சீசன் அமேசான் பிரைமில் தொடங்கியது. ஆறே எபிசோடுதான். 2018-இல் சைஃபை சேனல் கைவிட்டபோது ரசிகர்கள் போராடி மீட்ட தொடர் இது. ஆம்பூரில் நாங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

சிறுகோள்களில் உழைக்கும் பெல்ட்டர்கள்தான் பனிக்கட்டி வெட்டி வருகிறார்கள். தண்ணீரும் காற்றும் அவர்களுக்கு மட்டும் அளந்துதான். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் எங்கள் சேரிகளுக்கு இதை விளக்கவா வேண்டும்? ஆறு கெட்டதற்கு உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. கேன் தண்ணீர் இன்னும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

ஒரு பயம் இருந்தது. பூமியின் மீது விண்கற்களை ஏவிய மார்கோவைக் காட்டி, பெல்ட்டர்களின் கோபம் மொத்தத்தையும் பயங்கரவாதமாக்கி முடித்துவிடுவார்களோ? டிரம்மர் இருக்கிறாள். மார்கோவையும் எதிர்ப்பவள், பூமிக்கும் பணியாதவள். பேச்சுவார்த்தை மேசையில் அவளுக்கு நாற்காலி போடுவார்களா என்று பார்த்திருந்தோம்.