மேச்சேரி டு செட்டிபாளையம், வழி: ஷாக் அப்சர்பர்!

சேலம் ஜில்லாவில் மேச்சேரி என்றால் உடனே இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று பத்ரகாளியம்மன், இன்னொன்று செம்மறி ஆடு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் கௌரவம் கருதிச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். ஸ்பீடு பிரேக்கர்!

அம்மன் சன்னிதியில்தான் சுற்றுவட்டாரத்து இளவட்டங்களின் புது பைக்குகள் எலுமிச்சம்பழம் நசுக்குகின்றன. ஆடும் லேசுப்பட்டதல்ல. 'மேச்சேரி' என்று ஊர் பெயரிலேயே ஓர் இனம். பக்கத்துப் பொட்டனேரியில் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இளம் பழுப்பு நிறம், உடம்பில் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். தோல் பதனிடுகிறவர்களிடம் இதன் தோலுக்குத் தனி மரியாதை. அது தெரிந்தோ என்னவோ, ஓமலூர்-மேட்டூர் ரோட்டைக் கடக்கும்போது இந்த ஆடுகள் அவசரப்படுவதே இல்லை.

அவசரப்படுகிறவர்கள் வேறு ஜாதி. பொட்டனேரி ஸ்டீல் ஆலைக்குப் போகிற லாரி, மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரி, டவுன் பஸ். இத்தனைக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்ரோல் டாங்க் மீது படுத்துக்கொண்டு நம் பையன்கள்! சட்டப்படி பொது ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் தடவை மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆனால் மடக்கிப் பிடிப்பது பெரும்பாலும் போலீஸ் இல்லை, சாம்பல் லாரிதான்.

"மாசம் ரெண்டு வண்டியாச்சும் ஃபோர்க் வளைஞ்சு வருதுங்க" என்றார் மேச்சேரி மெக்கானிக் அண்ணன், கையைத் துணியில் துடைத்தபடி. "ஃபோர்க்கை நிமித்திடலாம். ஓட்டினவனை நிமித்தறது நம்ம கையில இல்லீங்க."

நான் அங்கே போனது நண்பன் பொருட்டு. மேட்டூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். வயது 31. கல்யாணத்துக்கு முன் 68 கிலோ, இப்போது 84. ஒரு 200 சிசி வண்டி வைத்திருக்கிறான். அவனுக்கு இரண்டு ஆசை. ஒன்று, கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கிற ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் ஓட்ட வேண்டும். இரண்டு, அதற்கு முன் பின்பக்கத்துக்கு வெளிநாட்டு ஷாக் அப்சர்பர் ஒன்று போட வேண்டும். அதன் விலையைச் சொன்னான். அந்தக் காசில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய பைக்கே வாங்கலாம். நான் பி.காம். என்பதால், ஆடிட்டராக உடன் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாக் அப்சர்பர் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு ஆசாமிகள் குடியிருக்கிறார்கள். ஸ்பிரிங் ஒருவர். இவர் ரொம்ப நேர்மையானவர். பள்ளத்தில் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதுதான் தொந்தரவே! ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு ஸ்பீடு பிரேக்கருக்கு அடுத்த தெரு வரை குதித்துக்கொண்டே போக வேண்டியதுதான். அதனால் உள்ளே ஆயிலைப் போட்டு, சின்னச் சின்ன துவாரம் வழியாக அதைப் பிதுக்குகிறார்கள். இந்த ஆயில், சம்பளத்தில் வரி பிடிக்கிற மாதிரி. ஸ்பிரிங் திருப்பித் தருவதில் ஒரு பங்கைப் பிடித்து உஷ்ணமாக மாற்றிவிடும். பிடித்தம் குறைந்தால் வண்டி துள்ளும். அதிகமானால் கட்டைவண்டி மாதிரி முதுகில் இறங்கும். சஸ்பென்ஷன் வேலை என்பது மொத்தத்தில் இந்தப் பிடித்தம் எவ்வளவு என்கிற பட்ஜெட்தான்.

"புது ஷாக் எல்லாம் அப்புறம். மொதல்ல இருக்கறதைச் சரியா வெச்சிருக்கமான்னு பாத்துரலாங்க" என்று மெக்கானிக் அண்ணன் டேப்பை எடுத்தார்.

அடுத்த கால் மணி நேரம் டெய்லர் கடை மாதிரி இருந்தது. வண்டியைத் தூக்கிப் பின்சக்கரம் தரையில் படாமல் வைத்து, அச்சிலிருந்து வால் பக்கம் ஒரு புள்ளி வரை ஓர் அளவு. பிறகு நண்பன் ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் ஏறி உட்கார, நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னோர் அளவு. 48 மில்லிமீட்டர் வித்தியாசம்! அதாவது இவன் உட்கார்ந்ததுமே வண்டி 48 மில்லிமீட்டர் அமுங்குகிறது. பின்சக்கரம் மேலும் கீழும் போக மொத்தமே 120 மில்லிமீட்டர்தான் என்றால், பள்ளம் வருவதற்கு முன்பே ஐந்தில் இரண்டு பங்கு செலவாகிவிட்டது. மாசம் பிறக்கும் முன்பே அட்வான்ஸ் வாங்கிவிட்ட கதை. ரோட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு அமுங்கலாம், ட்ராக்குக்கு நாலில் ஒரு பங்கு போதும் என்பது பொதுவான கணக்கு. கம்பெனிக்காரன் யாரோ ஒரு சராசரி மனிதனை மனதில் வைத்து இரண்டாவது பல்லில் வைத்து அனுப்பியிருந்தான். நண்பன் சராசரியைத் தாண்டிப் பல தீபாவளி ஆகிவிட்டது!

ஷாக்கின் அடியில் படிக்கட்டு மாதிரி பல் வைத்த வளையம் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். வண்டியோடு வரும் டூல் கிட்டில் கொக்கி மாதிரி ஒரு ஸ்பானர் இருக்குமே, அது இதைத் திருப்பத்தான். நம்மில் பலர் அதை எதற்கென்று தெரியாமலே வண்டியை விற்றும் விடுகிறோம். இரண்டாவது பல்லிலிருந்து நாலாவதுக்குத் திருப்பியதும் அமுங்கல் 38 ஆனது. செலவு, பூஜ்யம்.

"இதை டைட் பண்ணா ஸ்பிரிங் கெட்டியாயிடும்னு எல்லாரும் நெனக்கறாங்க. ஸ்பிரிங் அதேதாங்க. நீங்க ஒக்கார்ற ஒசரம்தான் மாறுது" என்றார் அண்ணன். பல இன்ஜினீயர்களிடம் கிடைக்காத தெளிவு.

முன் ஃபோர்க்கில் திருப்புவதற்கு ஒன்றுமே இல்லை. இந்த விலை வண்டிகளில் இருக்காது. அதனால் ஆயிலை மாற்றினார். பழையது கறுத்துப்போய்க் கஷாயம் மாதிரி வந்தது. அதற்குப் பதில் கொஞ்சம் கெட்டியான ஆயில். நண்பன் இன்னும் கெட்டியாக வேண்டும் என்றான். "ட்ராக்குக்கு சரிங்க. திரும்பி வந்து இந்த ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறினா மணிக்கட்டு கழண்டுடும்" என்று அண்ணன் நடுத்தரமாக ஊற்றினார். ஆயில் சீல் உட்பட ஆன செலவு, குடும்பத்தோடு ஒரு தடவை சேலம் போய் ஓட்டலில் சாப்பிடுகிற அளவுதான்.

இடையில் ஒரு சின்ன சரித்திரம். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஷாக் என்பதை மாற்றி, நடுவில் ஒற்றை ஷாக் போடும் யோசனையை யமஹாவுக்குக் கொடுத்தவர் லூசியன் டில்கென்ஸ் என்கிற பெல்ஜியத்துக்காரர். அதைப் போட்டுக்கொண்டு 1973-ல் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தையே வாங்கினார். நம் ஊரில் 1996 வரை தயாரான ஆர்.எக்ஸ். 100-க்கு இரட்டை ஷாக்தான். அதில் யாரும் குறை கண்டதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் அதைக் கோயில் மாதிரி துடைத்து வைத்திருப்பவர்கள் மேச்சேரியிலேயே உண்டு.

ஞாயிறு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். அவன் வண்டியில் அவன், என் வண்டியில் நான். 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேட்டூர் தாண்டினால் காவிரி கூடவே வருகிறது. 1934-ல் கட்டி முடித்த அணை இருட்டில் ஒரு நீளமான விளக்கு வரிசையாகத் தெரிந்தது. நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை, பவானி. ஆற்றங்கரை ஈரக் காற்றில் நண்பன் எனக்கு முன்னால் நிதானமாக 60-ல் போனான். வளைவில் வண்டி ஆடவில்லை என்று பவானி டீக்கடையில் நாலு தடவை சொன்னான். பிறகு நாலு வழிச் சாலை, அவினாசி, நீலம்பூர் பைபாஸ், செட்டிபாளையம்.

கோயமுத்தூரின் தெற்கே பொட்டல் காடு. ஆடியில் வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். அங்கே 2.1 கிலோமீட்டருக்கு ஒரு கறுப்பு ரிப்பன் வளைந்து கிடக்கிறது. 'கரி மோட்டார் ஸ்பீட்வே'. கரி என்பது கரிவர்தன். மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டி, நடுத்தர வர்க்கத்துப் பையன்களும் ரேஸ் ஓட்டலாம் என்று காட்டிய கோவைக்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். பத்து வருஷம் கழித்து, 2005-ல், இதே ஊர் நரேன் கார்த்திகேயன் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் ஓட்டினார்.

அதற்கும் முந்தைய கதை சோழவரம். இரண்டாம் உலக யுத்தத்தில் போட்ட விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் வருஷா வருஷம் ரேஸ் நடத்தியது. அப்புறம் 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ட்ராக். ஆக, தமிழ்நாட்டில் வேகமாகப் போக ஆசைப்படுகிறவனுக்கு ஓமலூர் ரோட்டைத் தவிர வேறு இடமே இல்லை என்பது பொய்.

ட்ராக் டே என்பது ரேஸ் இல்லை. பரிசு, கோப்பை, மாலை எதுவும் கிடையாது. பணம் கட்டினால் அனுபவத்துக்கேற்ப குழு பிரித்து, இருபது இருபது நிமிஷமாக விடுகிறார்கள். எதிரே லாரி வராது. ஆடு வராது. அதற்கு முன் வண்டியைக் கழற்றாத குறையாகச் சோதிக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி, ஹெட்லைட்டில் டேப் ஒட்டி, கூலன்ட்டை வடித்து வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். கூலன்ட் கொட்டினால் ட்ராக் வழுக்குமாம். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் நிறுத்திக்கொண்டு மெதுவாக உள்ளே வா. ஒரு விஷயம் பி.காம்.காரனாகச் சொல்லிவிடுகிறேன். நம் சாதாரண வண்டி இன்ஷூரன்ஸ், ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொறுப்பேற்காது. பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும்.

தோல் உடுப்பு கட்டாயம். நண்பன் வாடகைக்கு எடுத்தான். மேச்சேரித் தோலா என்று ஆசையாகத் தடவிப் பார்த்தேன். இல்லை, மாட்டுத் தோல். ஆட்டுத் தோல் கோட்டுக்கும் கையுறைக்கும் பூப்போல இருக்கும். தார் ரோட்டில் தேய்த்தால் தாங்காது. 84 கிலோவை அதற்குள் அடைக்க இரண்டு பேர் தேவைப்பட்டது தனிக் கதை.

முதல் ரவுண்டு முடித்து வந்தவன் முகத்தில் கல்யாணக் களை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் முன்போல மூக்குக் குத்தவில்லையாம். ஆனால் வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டர் திருகும்போது வண்டி வெளிப்பக்கம் தள்ளுகிறது என்றான். பயிற்சியாளர் வந்து பார்த்தார். பின்பக்கத்தை இன்னும் ஒரு பல் ஏற்றச் சொன்னார். பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து, வண்டி திரும்ப மறுக்குமாம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தார். ஓட ஓட ரப்பர் சூடாகி அழுத்தம் தானாக ஏறும் என்பதால். அப்புறம் சொன்னார்:

"பிரேக்கைப் பிடிக்கறீங்க, சரி. விடறப்ப படக்குனு விடறீங்க. ஃபோர்க் எகிறுது. மெதுவா விட்டுப் பாருங்க, பாதி சஸ்பென்ஷன் உங்க விரல்லதான் இருக்கு."

இரண்டாவது ரவுண்டில் அதைத்தான் செய்தான். சுவர் ஓரம் நின்ற எனக்கே வித்தியாசம் தெரிந்தது. பழுப்பு நிற தலையணை மாதிரி போனவன், ஏதோ கோடு போட்டு வைத்த மாதிரி வளைந்தான்.

மூன்றாவது ரவுண்டில்தான் வெளிநாட்டு ஷாக்கின் நியாயம் புரிந்தது. ஆறாவது சுற்றுக்கு மேல் பின்பக்கம் தண்ணீர் மாதிரி ஆடுகிறது என்று உள்ளே வந்துவிட்டான். ஷாக்கைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை. உள்ளே ஆயில் சூடாகி இளகி, பிடித்தம் செய்கிற சக்தியையே இழந்துவிட்டது. விலை உயர்ந்த ஷாக்குகளில் தனியாக ஒரு டப்பா தொங்குவது அலங்காரத்துக்கு இல்லை. அதிக ஆயில், அதை அழுத்திப் பிடிக்க வாயு, நுரைக்காமல் இருக்க ஏற்பாடு. அப்படியெல்லாம் இருந்தால் பத்தாவது சுற்றும் முதல் சுற்று மாதிரி இருக்கும். காசு இதற்குத்தான்.

"இப்ப என்னடா சொல்றே? வாங்கலாமா?" என்றான்.

"வருஷத்துல எத்தனை நாள் இந்தச் சூடு வரும்?"

"ரெண்டு நாள்... லீவு கிடைச்சா மூணு."

"அந்தக் காசுல எத்தனை ட்ராக் டே வரும்?"

அவனும் அக்கவுண்ட்ஸ் ஆள்தானே. கணக்குப் போட்டான். பேசாமல் ஷாக் ஆறுகிற வரை வெயிலில் உட்கார்ந்து, தக்காளி சாதம் சாப்பிட்டு, கடைசி ரவுண்டுக்குப் போனான். திரும்பி வரும்போது சொந்தமாக ஒரு தோல் உடுப்பு தைக்க என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டு வந்தான். அந்தச் செலவுக்கு ஆடிட்டர் உடனே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாலை மேச்சேரியில் வண்டியை விட்டோம். வளையத்தை ஐந்தாவது பல்லிலிருந்து நாலுக்கு இறக்கி, கூலன்ட் ஊற்றி, கண்ணாடியைத் திரும்ப மாட்டினார் மெக்கானிக் அண்ணன். டயரின் ஓரத்தில் ரப்பர் உருகி உருண்டிருந்ததை விரலால் தேய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடுத்து எப்பன்னு தேதி தெரிஞ்சா சொல்லுங்க. நாலு பயலுக இருக்கானுங்க, ஃபோர்க் வளைச்ச கேசு. கூட்டிட்டுப் போகலாம். வண்டிங்களை மினி லாரியில ஏத்திக்கலாம்."

"எதுக்குண்ணா லாரி? அவங்களே ஓட்டிட்டு வரட்டுமே."

"வேணாங்க" என்றார். "போற வழியில மேட்டூர் ரோடு இருக்குது."