ஆறாவது பேட்டரி



குடும்ப ஏடொன்றில் காரின் பேட்டரியைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும், எங்கள் இல்லத்தில் பேட்டரியில் தொடங்கிய ஒரு பழுது எங்கள் மனச்சான்றில் வந்து முடிந்தது. ஆகவே எழுதத் துணிந்தோம்.

ஆலங்குடி வட்டத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு ஒன்று உண்டு. வீட்டிலிருந்து அதன் மறுகோடிக்கு எங்கள் நிலத்தின் வழியாகவே மண்பாதை செல்கிறது. தேங்காயும் உரமூட்டையும் ஏற்றிச் செல்லப் பழைய மாருதி 800 கார் ஒன்றை வைத்திருந்தோம். 2016ஆம் ஆண்டில் அதன் எஞ்சின் முற்றிலும் பழுதுற்றது. பழைய இரும்புக்கு எடை போட்டுவிட எண்ணினோம். பாலிடெக்னிக்கில் மின்னியல் பயின்று திருச்சியில் பணிபுரியும் எங்கள் மகனோ, "அப்பா, விற்க வேண்டாம். மின்சாரத்தில் ஓட்டிக் காட்டுகிறேன்" என்றான்.

விடுமுறை நாள்களில் வந்து வந்து வேலை செய்தான். எஞ்சினையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றினான். கியர்ப் பெட்டியை மட்டும் இருந்தபடியே விட்டான். லேத்துப் பட்டறையில் இரும்புத் தகடொன்றைக் கடைந்து வாங்கி, அதன் துணையால் மின் மோட்டாரைக் கியர்ப் பெட்டியோடு இணைத்தான். 12 வோல்ட்டு ஈய அமில பேட்டரிகள் ஆறினைத் தொடராகக் கோத்து 72 வோல்ட்டு மின்சாரம் பெற்றான். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆதலால் பின்சக்கர வில்களையும் வலுப்படுத்த நேர்ந்தது. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடியது. தோப்பு வேலைக்கு அது நான்கைந்து நாள் போதும்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுக்கிறது. மின்சாரத்திற்கு மாற்ற, அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுப்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். எங்கள் வண்டிக்கு அவை இல்லை. எனவே அது எங்கள் வேலியைத் தாண்டிப் பொதுச் சாலையில் ஒருநாளும் இறங்கியதில்லை.

மின்வண்டி நேற்று முளைத்த புதுமையன்று. ஹங்கேரி நாட்டுப் பெனடிக்ட் சபைக் குருவான அனியோஷ் யெட்லிக் என்பார், 1828ஆம் ஆண்டிலேயே தாம் அமைத்த மின் மோட்டாரைக் கொண்டு சிறு மாதிரி வண்டியொன்றை ஓட்டினார். 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய அமில பேட்டரியை உருவாக்கினார். 1899இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டிய கார் மின்சாரக் காரே. நம் நாட்டில் 1993இல் கேரளத்துச் சாலக்குடியிலிருந்து 'லவ்பேர்டு' என்னும் மின்சாரக் காரும், 2001இல் பெங்களூரிலிருந்து 'ரேவா'வும் வெளிவந்தன. 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கும் முழுமையாக மின்சாரத்தில் இயங்கும் ஊர்தி வழங்கப்பட்டது. ஒரு குருவின் மேசையில் ஓடிய பொம்மை வண்டி, இருநூறு ஆண்டுகளுக்குள் திருத்தந்தையைச் சுமக்கும் ஊர்தியாயிற்று!

மகன் திருச்சிக்குப் புறப்படுமுன் பராமரிப்பு முறைகளை எங்களுக்குக் கற்பித்தான். வேலை தொடங்குமுன் பியூசைக் கழற்ற வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் அணிந்து பேட்டரியைத் தொடலாகாது. ஸ்பானர் இரு முனைகளையும் ஒருங்கே தொட்டால் தீப்பொறி பறக்கும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டம் வேண்டும். அருகில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. முனைகளில் பூக்கும் உப்பைத் துடைத்து வாசலின் தடவ வேண்டும். மாதம் ஒருமுறை ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியை அளக்க வேண்டும். 1.26 அளவில் இருந்தால் நிறைவு, 1.15க்குக் கீழே இறங்கினால் வறட்சி.

"அம்மா, எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றிவிடாதீர்கள்" என்று இருமுறை கூறிச் சென்றான்.

பின்னிருக்கையின் அடியில் இருந்த ஆறாவது பேட்டரி, காற்றோட்டமின்றி மற்றவற்றினும் சூடேறும். தண்ணீரையும் மிகுதியாகக் குடிக்கும். ஐந்துக்கும் ஊற்றி அதனிடம் வரும்போது கேன் காலியாகிவிடும். கடைக்குச் செல்லச் சோம்பி, ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினோம். எங்களில் ஒருவர் ஊற்ற, மற்றவர் பார்த்தும் வாளாவிருந்தோம். ஒருமுறையன்று, பலமுறை. மின்னேற்றும்போது பேட்டரியிலிருந்து வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. தண்ணீரோடு வந்த உப்புகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஊற்ற ஊற்ற அவை பெருகித் தகடுகளைக் கெடுக்கின்றன. பெற்றோரின் சோம்பல் பிள்ளைகளின் உள்ளத்தில் தங்குவதும் இவ்வாறுதானோ!

2018ஆம் ஆண்டுக் கோடையில் வண்டி பாதி தூரத்திலேயே நிற்கத் தொடங்கியது. மகன் வந்து சோதித்தான். வண்டி இழுக்கும்போது ஐந்து பேட்டரிகள் 12 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஆறாவது மட்டும் 10க்குக் கீழே விழுந்தது. தொடராகக் கோத்த பேட்டரிகளில் ஒன்று தளர்ந்தால் ஆறும் தளர்ந்ததாகவே பொருள். ஐந்தின் வலிமை ஆறாவதன் வழியாகத்தானே செல்ல வேண்டும்? புதிதாக ஒன்றை மட்டும் வாங்கி ஐந்து பழையவற்றோடு சேர்த்தால் அதுவும் விரைவில் கெடும். ஆறையும் மாற்றக் கையில் பணமில்லை.

மகன் நெடுநேரம் தலைகுனிந்து இருந்தான். "நான் சார்ஜரை அமைத்ததில்தான் தவறு இருக்க வேண்டும், அப்பா. என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய பேட்டரிகள் வாங்கித் தருகிறேன்" என்றான். அப்போது நாங்கள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளையின் முன் தாழ்வதற்கு எங்கள் பெருமை இடந்தரவில்லை. அன்று இரவும் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம். எங்கள் உதடுகள் அசைந்தன, உள்ளமோ எங்கோ இருந்தது.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்து, எங்கள் மாவட்டத்தையும் சூறையாடியது. விடிந்தபோது எங்கள் தோப்பில் நின்ற மரங்களினும் வீழ்ந்தவையே மிகுதி. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

கார் கொட்டகையில் தப்பியிருந்தது. பேட்டரிகள் புயலுக்கு முதல்நாள் மின்னேற்றப்பட்டவை. அவற்றைக் கழற்றி, 12 வோல்ட்டு எல்.இ.டி. விளக்கொன்றுடன் வீட்டுக்கொன்றாக அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். ஆறாவதைக் கடைசி வீட்டிற்கு அளித்தோம். அங்கு படுக்கையில் கிடக்கும் கணவரைப் பேணிவரும் மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். அந்தப் பேட்டரி பழுதுற்றது என்று அறிந்தே அளித்தோம். சிறு விளக்குத்தானே, எரியும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

ஐந்து வீடுகளிலும் ஒரு வாரம் கடந்தும் விளக்கு எரிந்தது. கடைசி வீட்டில் இரண்டாம் இரவே அணைந்தது. பெரியவர் இருளில் தண்ணீருக்குத் தவிக்க, மூதாட்டி சுவரைத் தடவிச் சென்று இடறி விழுந்து முழங்கையில் காயமுற்றார். காலையில் சென்று பார்த்த எங்களிடம் அவர், "உங்கள் மேல் குறையில்லை, தம்பி. புயல் செய்த கொடுமை" என்றார். புயல் செய்ததன்று என்பது எங்களுக்குத் தெரியும். அச்சொல் எங்களைச் சுட்டது.

எங்கள் வீட்டில் எரிந்துகொண்டிருந்த பேட்டரியை உடனே அவர் இல்லத்திற்குத் தூக்கிச் சென்றோம். எங்களுக்கு மெழுகுவர்த்தி போதுமாயிற்று. இரண்டு நாள் கழித்து, வீழ்ந்த மரங்களைத் தாண்டி மகன் வந்து சேர்ந்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவனிடம் யாவற்றையும் சொன்னோம்: கிணற்று நீரை, கோடையில் காத்த மௌனத்தை, மூதாட்டியின் காயத்தை. அவன் சினக்கவில்லை. "ஆறு மாதமாக என் வேலையின் மேலேயே எனக்கு நம்பிக்கை போயிருந்தது, அம்மா" என்று மட்டும் சொன்னான். எங்களுக்கு அதனினும் பெரிய தண்டனை வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மூதாட்டியிடமும் சென்று மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஞாயிறன்று ஒப்புரவு அருட்சாதனம் பெற்ற பிறகே திருப்பலியில் நற்கருணை வாங்கினோம்.

மின்சாரம் திரும்பியபின் ஐந்து பேட்டரிகளையும் மகன் தனித்தனியே மின்னேற்றினான். வெவ்வேறு அளவில் செலவான பேட்டரிகளைச் சமப்படுத்தாமல் ஒன்றாய்க் கோக்கலாகாது என்றான். 2021இல் அவற்றுக்கு ஈடாக லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்கள் 24ஐ அமைத்தோம். எடை நான்கில் ஒரு பங்காயிற்று; தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஒவ்வொரு மின்கலத்தையும் கண்காணிக்கும் மின்னணுப் பலகை ஒன்றும் உண்டு. மின்னேற்றும்போது முந்தி நிறைவதைத் தணித்து, பின்தங்கியதும் நிறைய வழிசெய்கிறது. ஓடும்போது எந்த ஒன்று அளவுக்குக் கீழே இறங்கினாலும் வண்டி முழுவதையும் நிறுத்திவிடுகிறது. கருவி மாறினும் விதி மாறவில்லை: மிகத் தளர்ந்தது எவ்வளவு தாங்குமோ அவ்வளவே அனைத்தின் பயணமும்.

குடும்பத்திற்கும் ஊருக்கும் இதுவே விதி என்று எண்ணுகிறோம். கைக்கு எட்டும் ஐந்தைப் பேணுவது எளிது. இருக்கைக்கு அடியில் மறைந்த ஆறாவதையும், தெருக்கோடியில் ஒதுங்கிய கடைசி வீட்டையும் நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே கேள்வி. மாதம் ஒருமுறை பேட்டரியின் அடர்த்தியை அளந்ததுபோல், இரவுதோறும் உறங்குமுன் எங்கள் உள்ளத்தையும் அளந்து பார்க்கப் பழகிவருகிறோம். குறை தெரிந்தால், மறுநாள் விடியுமுன் அதைச் சொல்லிவிடுகிறோம்.

பழைய ஆறாவது பேட்டரியை மட்டும் விற்கவில்லை. அமிலத்தைப் பட்டறைக்காரர் பாதுகாப்பாக அகற்றிக் கொடுத்தார். வெறும் கூடு கொட்டகையின் மூலையில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அந்த மூதாட்டியின் முழங்கை எங்கள் நினைவில் எழுகிறது.